பெர்க்கம்ஸ்டெட் கோட்டை: புல்மேட்டுக்கு எதற்கு இத்தனை பந்தோபஸ்து?

பிப்ரவரி 4, மாலை 6.52 (கேள்வி)

"அண்ணே, லண்டன் யூஸ்டனிலிருந்து வடக்கே போகிற ரயிலில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். பெர்க்கம்ஸ்டெட்டில் வண்டி நிற்கும்போது வலப்பக்கம் நார்மன் காலத்துக் கோட்டை தெரியும் என்றார்கள். பார்த்தால் ரெண்டு மூன்று மொட்டைச் சுவர், ஒரு பள்ளம், பின்னால் புல் முளைத்த மேடு. சனிக்கிழமை இறங்கியே பார்த்துவிட்டேன். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இதைத் தோண்டினால் குற்றமாம். எதைப் பாதுகாக்கிறார்கள்? புல்லையா?"

பிப்ரவரி 4, இரவு 10.15

புல்லையும் சேர்த்துத்தான் தம்பி. புல் போனால் மண் கரையும், மண் கரைந்தால் கோட்டையே போயிற்று.

நீங்கள் சுவரைத் தேடிப் போயிருக்கிறீர்கள். அங்கே முதலில் சுவரே கிடையாது. பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்து 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் ஜெயித்த வில்லியம், லண்டனைச் சுற்றி வளைத்துக்கொண்டு வந்தார். ஆங்கிலேயப் பெருந்தலைகள் அவரிடம் பணிந்த இடம் பெர்க்கம்ஸ்டெட் என்று ஆங்கிலோ-சாக்சன் நாளாகமம் சொல்கிறது. பேராயர் ஆல்ட்ரெட், இளவரசர் எட்கர், எட்வின், மார்க்கார் என்ற இரண்டு பிரபுக்கள், லண்டன் நகரத்துப் பெரியவர்கள் என எல்லோரும் வந்து தலைகுனிந்தார்கள். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று முடிசூட்டல். (அது இந்த ஊர் இல்லை, லிட்டில் பெர்க்கம்ஸ்டெட் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.)

அப்புறம் வில்லியமின் தம்பி (தாய் ஒருவர், தகப்பன் வேறு), மோர்ட்டேன் பிரபு ராபர்ட், இந்த இடத்தில் மண்ணைக் குவித்து மரத்தால் கோட்டை கட்டினார். வட்டமாக ஒரு அகழி வெட்ட வேண்டியது. வெட்டிய மண்ணை நடுவில் குன்றாகக் குவிக்க வேண்டியது. பக்கத்தில் கரையும் அகழியும் சூழ்ந்த முற்றம், அதாவது பெய்லி. கரை மேல் மரவேலி, குன்றின் மேல் மரக்கோபுரம். மரம் எப்போதோ மக்கிவிட்டது. நீங்கள் கால் மணி நேரத்தில் ஏறி இறங்கிய அந்த மேடுதான் நார்மன்கள் தங்கள் கையால் செய்தது. சுவரெல்லாம் பின்னால் வந்தவை.

பிப்ரவரி 5, காலை 7.30

ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். மண் பரிசோதனைதான் எனக்குச் சோறு போடும் தொழில். ஒரு மேட்டைப் பார்த்தால் எத்தனை லோடு என்றுதான் முதலில் தோன்றும்.

குன்றின் உயரம் சுமார் 40 அடி. அடிப்பக்கம் குறுக்களவு 180 அடி, உச்சியில் 60 அடி. தலை சீவிய கூம்பு என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 4,90,000 கன அடி வருகிறது. நம்மூர் மணல் கணக்கில் 4,900 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் ஏற்றினால் 1,600 லோடுக்கு மேல். அது குன்று மட்டும். சுற்றியிருக்கும் இரட்டை அகழி, நடுக்கரை, வெளிக்கரை எல்லாம் தனி.

சரிவும் சுவாரஸ்யமானது. உச்சி விளிம்பிலிருந்து அடி விளிம்புக்குக் கிடைமட்டத்தில் 60 அடி, உயரம் 40. ஒன்றரைக்கு ஒன்று. இன்றைக்கும் ரோடு போடுகிறவர்கள் கரைக்கு அந்தச் சரிவை வைப்பதுண்டு. தொள்ளாயிரம் வருஷம் மழை தின்ற பிறகு நிற்கும் சரிவு இது என்பதையும் சொல்ல வேண்டும். கட்டியபோது இன்னும் செங்குத்தாக இருந்திருக்கும். ஏறி வருகிறவனுக்கு வசதி செய்து கொடுக்கவா கட்டினார்கள்?

பிப்ரவரி 5, இரவு 9.40

"ஜேசிபி இல்லாத காலத்தில் எத்தனை பேர்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

என் மதிப்பீடு இது. மர மண்வெட்டி, நுனியில் மட்டும் இரும்புப் பட்டை. ஓர் ஆள் வெட்டி, கூடையில் சுமந்து, மேலே கொட்டி, மிதித்து இறுக்க ஒரு நாளைக்கு 40 கன அடி என்று தாராளமாக வைத்தால் 12,000 ஆள் நாளுக்கு மேல் ஆகும். நூறு பேர், நான்கு மாதம். மேலே போகப்போக சுமை தூரம் கூடும், வேகம் குறையும். மழைநாள் கழிக்கவில்லை.

யார் அந்த நூறு பேர்? தோற்ற ஊர்க்காரர்கள்தான், வேறு யார். கூலி கொடுத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

1086இல் வில்லியம் எடுத்த டூம்ஸ்டே நிலக்கணக்கில் இந்த ஊர்ப் பதிவைப் பாருங்கள். 52 நகரத்தார், ஒரு பாதிரியார், கொஞ்சம் திராட்சைத் தோட்டம் என்று போய்க்கொண்டே இருக்கும்போது, நடுவில் ஓர் அகழி வெட்டுபவர் வருகிறார். அவர் பேரில் அரை ஹைடு நிலம். பெயர் எழுதவில்லை, தொழில் மட்டும். ஹைடு என்பது ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம் என்று அந்தக் காலத்தில் வைத்திருந்த வரி அளவு. அதில் பாதியை ஒரு மண்வேலைக்காரருக்கு விட்டிருக்கிறார்கள். மேஸ்திரியா, பராமரிப்பு ஆளா, தெரியவில்லை. மண் கோட்டைக்கு வருஷா வருஷம் வேலை இருந்துகொண்டே இருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அகழி தூரும், கரை சரியும், வேலி ஆடும். எங்கள் தொழிலில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆள் ஒருவர் அரசாங்கப் பதிவேட்டில் இருக்கிறார் என்று ஆபீஸில் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 9, மதியம் 1.05

1066 போரின் கதையைத் தையலில் சொல்லும் பேயோ சித்திரத் துணியில் ஹேஸ்டிங்ஸ் குன்று கட்டும் காட்சி இருக்கிறது. இணையத்தில் தேடினால் உடனே வரும். இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, குன்றை வெவ்வேறு நிறப் பட்டைகளாகத் தைத்திருக்கிறார்கள். வெறும் அலங்காரம் என்று தள்ள வேண்டாம். தோண்டிப் பார்த்த சில நார்மன் குன்றுகளில் கல்லும் மண்ணும் சுண்ணப்பாறைத் தூளும் மாறி மாறிப் படுகையாகவே போடப்பட்டிருந்தன. ஒரு படுகை போட்டு இறுக்கி அடுத்ததைப் போடுவதுதான் முறை. நாங்கள் இன்று ரோலர் வைத்துச் செய்வதும் அதுதான்.

இரண்டு, வேலைக்காரர்களில் இருவர் மண்வெட்டியாலேயே தலையில் அடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஏன் சண்டை என்று துணியில் எழுதவில்லை. சைட்டில் வேலை பார்த்தவர்களுக்கு எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

பிப்ரவரி 16, காலை 11.20

சுவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கேள்வி கேட்ட தம்பி கோபித்துக்கொள்வார்.

கல் வேலை 12ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வருகிறது. அப்போது கோட்டை தாமஸ் பெக்கெட் கையில். பின்னால் கேன்டர்பரி ஆலயத்தில் வெட்டிக் கொல்லப்பட்ட அதே பெக்கெட்தான், அப்போது மன்னர் இரண்டாம் ஹென்றியின் அமைச்சர். உறவு கசந்த பிறகு 1164இல் மன்னர் கணக்குக் கேட்டார். ஐ (Eye) என்ற ஊர், பெர்க்கம்ஸ்டெட் ஆகிய இரண்டு இடத்து வருமானத்திலிருந்து 300 பவுண்டு எங்கே? கோட்டைகளையும் லண்டன் அரண்மனையையும் பழுது பார்க்கச் செலவழித்தேன் என்றார் பெக்கெட். ஏற்கவில்லை. ஆடிட் அப்ஜெக்‌ஷன் அப்போதே இருந்திருக்கிறது.

உள்ளூர்க் கல் என்று பார்த்தால் இந்தப் பக்கம் சுண்ணப்பாறையும் அதற்குள் கிடைக்கும் சிக்கிமுக்கிக் கல்லும்தான். அதனால் சுவர் முழுக்கச் சிக்கிமுக்கிக் கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் புதைத்துக் கட்டியது. கிட்டே போய்ப் பாருங்கள். கடலை மிட்டாயை உடைத்த இடம் தெரியும் இல்லையா, அப்படியே இருக்கும். உடைந்த கல்லின் முகம் கறுப்பாக, கண்ணாடி மாதிரி வழவழவென்று. வெளிவிளிம்பு வெள்ளை. சாந்தில் விரல் வைத்தால் சின்னச் சின்னச் சரளை தட்டும்.

மூலையிலும் வாசலிலும் செதுக்கிய நல்ல கல் இருந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. 1580 வாக்கில் மேலே மேட்டில் பெர்க்கம்ஸ்டெட் பிளேஸ் என்று பெரிய மாளிகை கட்டினார்கள். கல்லெல்லாம் அங்கே ஏறிவிட்டது. அந்த மாளிகையையும் 1967இல் இடித்துத் தள்ளிவிட்டார்கள். மண் மட்டும் அங்கேயே கிடக்கிறது. மண்ணை யார் திருடுவது? திருடி எங்கே வைப்பது?

பிப்ரவரி 16, இரவு 11.02

காலையில் எழுதியதோடு ஒன்று. குன்று 1070 வாக்கில், கல் அதற்கு எண்பது தொண்ணூறு வருஷம் கழித்து. புது மண் அமர்ந்து இறுகட்டும் என்று காத்திருந்தார்கள் என்று புத்தகங்களில் எழுதுவார்கள். ஒரு நேரம் நானும் இதையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். யோசித்தால் அவ்வளவு திருப்தியாக இல்லை. சுண்ணத்தூளும் சரளையும் கலந்த மண் அமர எண்பது வருஷம் வேண்டாம். சில வருஷத்திலேயே பெரும்பகுதி அமர்ந்துவிடும். காத்திருந்தது மண்ணுக்கு இல்லை, பணத்துக்கு என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் மண் மேல் கனத்தை ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு யார்க் நகரத்து கிளிஃபோர்ட் கோபுரம் இருக்கிறது. குன்று மேல் கனமான கல் கோபுரம், அடியில் அகழித் தண்ணீர். 14ஆம் நூற்றாண்டிலேயே மேலிருந்து கீழ் வரை விரிசல் விட்டுவிட்டது. இங்கே பெர்க்கம்ஸ்டெட்டில் உச்சி விளிம்பைச் சுற்றி வளையமாக ஒரு சுவர் மட்டும் எழுப்பியிருக்கிறார்கள். நடுவில் கனமில்லை. கட்டியவருக்கு மண் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 23, மாலை 4.45

முற்றுகை பற்றிக் கேட்டவருக்கு.

1216 அக்டோபரில் ஜான் மன்னர் இறந்துபோகிறார். மகன் மூன்றாம் ஹென்றிக்கு 9 வயது. பிரான்ஸ் இளவரசர் லூயி ஏற்கெனவே கலகக்காரப் பிரபுக்களோடு சேர்ந்து நாட்டுக்குள் நிற்கிறார். ஹெர்ட்ஃபோர்டைப் பிடித்த கையோடு, டிசம்பர் 6 அன்று பெர்க்கம்ஸ்டெட்டை வளைத்தார். உள்ளே காவலுக்கு வாலெரன் என்ற ஜெர்மானிய வீரர்.

அன்றைக்கே நடந்ததைத் துறவி ரோஜர் எழுதி வைத்திருக்கிறார். வெளியே பிரபுக்கள் கூடாரம் அடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்தவர்கள் திடீரென்று வெளியே பாய்ந்து சாமான்களையும் வில்லியம் டி மாண்ட்வில் என்ற பிரபுவின் கொடியையும் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்கள். சரி, அதோடு விட்டார்களா? பிரபுக்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம், பிடுங்கிய அதே கொடியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வந்தார்கள், நம்ம ஆள்தானே என்று ஏமாறட்டும் என்று. இந்த முறை முன்கூட்டியே சேதி கிடைத்துவிட்டதால் விரட்டிவிட்டார்கள். இலையில் உட்கார்ந்தவனை எழுப்புவது எந்த ஊரிலும் நல்லதில்லை.

கவண்பொறிகள் கல்லாகப் பொழிந்தன. இரண்டு வாரம் தாங்கினார்கள். டிசம்பர் 20 அன்று, ராஜா சொன்னார் என்று ஒப்படைத்தார்கள். குதிரையோடும் ஆயுதத்தோடும் மரியாதையாக வெளியேறினார்கள்.

வடக்கிலும் கிழக்கிலும் வெளிக்கரையில் திண்ணை திண்ணையாகப் புடைத்துக்கொண்டு நிற்கும் மண் மேடைகள் லூயியின் கவண்பொறிகளுக்காகப் போட்டவை என்று ஒரு பழைய கருத்து உண்டு. அந்த மேடையில் நின்றால் குன்று நேர் எதிரே இருக்கும். கல் பறப்பதைக் கற்பனை செய்ய அருமையான இடம்.

பிப்ரவரி 24, காலை 6.50

நேற்றைய கடைசிப் பத்தி உறுத்துகிறது. அந்தக் கருத்தைச் சொன்னேனே தவிர, என் நிலைப்பாட்டைச் சொல்லவில்லை.

மேடையிலிருந்து குன்று ரொம்பக் கிட்டே. அம்பு எட்டும் தூரம்தான். உள்ளே இருப்பவர்கள் கொடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற ரகம். அவர்கள் கண்ணெதிரே, டிசம்பர் ஈரத்தில், இரண்டே வாரத்தில், அத்தனை மண்ணை வெட்டிக் கொட்டியிருக்க முடியுமா? கொட்டியிருந்தாலும் ஒரு நாள் மழையில் குழம்பாகியிருக்கும். அதன் மேல் கனமான பொறியை நிறுத்த நான் கையெழுத்துப் போட மாட்டேன். தவிர, கவணுக்கு மேடை எதற்கு? சமதரை போதும்.

கரையும் மேடைகளும் ஒரே கையால் நிதானமாகச் செய்தது மாதிரிதான் இருக்கிறது. முற்றுகைக்குப் பிறகு கோட்டை ஹென்றியின் தம்பி, கார்ன்வால் பிரபு ரிச்சர்ட் கைக்கு வந்தது. ஐரோப்பாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர், கோட்டையில் நிறைய வேலை செய்தவர், 1272இல் இங்கேயே இறந்தார். முற்றுகையில் பட்ட அடிக்கு அப்புறம் அந்தப் பக்கத்தைப் பலப்படுத்தினார்கள் என்றால் பொருந்துகிறது. இன்றைக்கும் ஆய்வாளர்கள் இரண்டு கட்சிதான். என் ஓட்டு ரிச்சர்டுக்கு.

பிப்ரவரி 24, மதியம் 12.31

"அப்படியானால் லூயி எங்கே நின்றார்?"

மேட்டில். இது பள்ளத்தாக்குக் கோட்டை. புல்போர்ன் ஓடைத் தண்ணீர் அகழிக்கு வேண்டும் என்பதற்காகத் தாழ்வில் கட்டியது. வடக்கே நிலம் உயர்ந்துகொண்டே போகிறது. அங்கே எங்கே நின்றாலும் கோட்டை காலடியில். தண்ணீரா உயரமா என்று வந்தபோது தண்ணீர் என்றார்கள், அதற்கான விலையை 1216இல் கொடுத்தார்கள்.

மார்ச் 2, இரவு 8.10

இப்போது உங்கள் ரயிலுக்கு வருவோம்.

லண்டன்–பர்மிங்ஹாம் ரயில் பாதைக்கு முதல் மசோதா 1832இல் பிரபுக்கள் சபையில் தோற்றது. இந்தப் பக்கத்து நிலக்கிழார்கள் எதிர்த்தார்கள். அதில் ஆஷ்ரிட்ஜ் மாளிகையின் பிரவுன்லோ பிரபு முக்கியமானவர். கோட்டைக்குப் போகும் தெருவுக்கு இன்று பிரவுன்லோ பெயர்தான். 1833இல் மசோதா தேறியபோது பாதை புல்போர்ன் பள்ளத்தாக்கு வழியே என்று முடிவானது. பள்ளத்தாக்கில் ஏற்கெனவே ஊர், சாலை, கால்வாய். மிச்சம் இருந்தது கோட்டை ஓரம்.

ரயிலிடமிருந்து சட்டப்படி காப்பாற்றப்பட்ட முதல் கட்டடம் இந்தக் கோட்டைதான் என்று சொல்வார்கள். காப்பாற்றிய லட்சணத்தைக் கேளுங்கள். தெற்கே இருந்த நுழைவாயிலும் அந்தப் பக்கத்து வெளி அகழியும் ராபர்ட் ஸ்டீபன்சன் போட்ட ரயில் கரைக்கு அடியில் போயின. 1837இல் ரயில் ஓடியது. நீங்கள் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து "ஒன்றும் இல்லையே" என்று பார்க்கிறீர்களே, வாசல் இருந்த இடத்தின் மேல்தான் அந்த ரயில் ஓடுகிறது.

அந்த ரயில் கரையும் மண்வேலைதான் என்பதை மறந்துவிடக் கூடாது. மண்வெட்டி, கூடை, குதிரை வண்டி. நார்மன் கரைக்கும் விக்டோரியா கரைக்கும் நடுவில் நின்று இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். இரண்டும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று சொல்லத் தோன்றும், ஆனால் பழையதற்கு வேலை போய் ஐந்நூறு வருஷம் ஆகிறது. எட்வர்ட், ரிச்சர்ட் என்ற இரு மன்னர்களைப் பெற்ற சீமாட்டி சிசிலி நெவில் 1495இல் இங்கே காலமானார். அதன் பிறகு யாரும் குடியிருக்கவில்லை.

மார்ச் 3, மதியம் 1.20

சட்டத்துக்கு வருகிறேன், முதல் கேள்வியே அதுதானே.

1979ஆம் ஆண்டுச் சட்டப்படி இது பட்டியலிட்ட சின்னம். சுவர் மட்டும் இல்லை, கரை, அகழி, அதற்கு அடியில் இருப்பது எல்லாம் அதில் சேரும். அமைச்சரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் தோண்டக் கூடாது, நிரப்பவும் கூடாது. மெட்டல் டிடெக்டரைக் கொண்டுபோய்த் தடவினாலே குற்றம்.

என் அனுபவம் ஒன்று. ஊர் பேர் வேண்டாம். இந்த மாதிரி ஒரு மண்கோட்டை ஓரம் குழாய் பதிக்கிற வேலை. இரண்டு துளை போட்டு மண் எடுத்துக் கொடுத்தால் போதும், ஒரு நாள் வேலை. திட்டத்தைப் போட்டவர்கள் எல்லைக்கோடு எங்கே என்று வரைபடத்தைப் பார்க்கவில்லை. ரிக் வந்து இறங்கிய பிறகு பார்த்தால் ஒரு துளை கோட்டுக்கு உள்ளே. வண்டியைத் திருப்பி அனுப்பினோம். அனுமதிக்கு எழுதினால் கேள்வி மேல் கேள்வி, எவ்வளவு விட்டம், எவ்வளவு ஆழம், பக்கத்தில் தொல்லியல் ஆள் நிற்பாரா, புல்லைத் திரும்ப எப்படி வைப்பீர்கள். நான்கு அங்குலத் துளைக்கு! டிரில்லர் என்னைத் திட்டிய திட்டு இங்கே எழுத முடியாது.

கடைசியில் துளையைத் தள்ளிப் போட்டோம், வேலை நடந்தது. ஆனால் அந்தக் கேள்விகள் நியாயம்தான் என்று பின்னால் தோன்றியது. சுவர் இடிந்தால் கல்லைப் பொறுக்கித் திரும்ப அடுக்கலாம். படுகை படுகையாக இருக்கும் மண்ணை ஒரு தடவை கலைத்தால் எது எந்தக் காலம் என்று கடவுளுக்கும் தெரியாது.

மார்ச் 3, இரவு 9.55

இந்தியாவில் மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால் 2010 திருத்தத்துக்குப் பிறகு சுற்றி 100 மீட்டர் கட்டடம் கட்டத் தடை, அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டர் கட்டுப்பாடு. இங்கே அப்படி நிலையான அளவு கிடையாது. அந்த விதியை இங்கே கொண்டுவந்தால் பெர்க்கம்ஸ்டெட் ரயில் நிலையமே மாட்டிக்கொள்ளும்.

இரண்டு நாட்டுச் சட்டத்திலும் கர்சன் கை உண்டு. வைஸ்ராயாக இருந்தபோது 1904இல் இந்தியாவில் நினைவுச்சின்னச் சட்டம். ஊர் திரும்பிய பின் 1911இல் டாட்டர்ஷால் கோட்டையின் கணப்படுப்புகளைப் பெயர்த்து விற்கிறார்கள் என்று தெரிந்து, கோட்டையையே வாங்கி அவற்றை மீட்டுப் பொருத்தினார். 1913இல் பிரிட்டனில் கட்டாயப் பாதுகாப்புக்கு வழிசெய்த சட்டத்துக்கும் பாடுபட்டார். வங்காளத்தைத் துண்டு போட்ட ஆள் என்பதையும் மறக்க வேண்டாம். கல்லுக்கும் மண்ணுக்கும் காட்டிய கரிசனம் மனிதருக்கு வரவில்லை.

மார்ச் 8, காலை 10.00

ஒருவர் "மெட்ராஸுக்கும் நார்மன் கோட்டைக்கும் ஏதாவது தொடர்பு?" என்று கிண்டலாகக் கேட்டார். இருக்கிறது ஐயா, பெர்க்கம்ஸ்டெட்டில் இல்லை, வில்ட்ஷயரில் ஓல்டு சாரம்.

அதுவும் மண்கோட்டைதான். இரும்புக்காலத்து மக்கள் வெட்டிய பெரிய வெளிவளையம். அதன் நடுவில் நார்மன்கள் இன்னொரு வளையம் வெட்டிக் கோட்டை வைத்தார்கள், பக்கத்தில் தேவாலயமும் கட்டினார்கள். 1220இல் தேவாலயம் கீழே சாலிஸ்பரிக்கு இறங்கியது, பின்னால் ஊரும் இறங்கியது. ஆள் இல்லாத மேடு. ஆனால் 1832 வரை நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்! மேட்டுக்குச் சொந்தக்காரர் யாரைச் சொன்னாரோ அவரே உறுப்பினர்.

அந்த மேட்டை வாங்கியவர் தாமஸ் பிட். 1698இலிருந்து 1709 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் மெட்ராஸ் கவர்னராக இருந்து, பெரிய வைரம் ஒன்றை வாங்கி, பிற்பாடு பிரான்ஸ் அரசுக்கு விற்றாரே, அவரேதான். மேட்டை வாங்கியது கவர்னர் ஆவதற்கு முன்பே, கீழைநாட்டு வியாபாரத்தில் சேர்த்த காசில். அவர் பேரன், பிரதமரான மூத்த வில்லியம் பிட், முதன்முதலில் நாடாளுமன்றம் போனது இந்தப் புல்மேட்டின் "மக்கள் பிரதிநிதி"யாக.

மார்ச் 15, மாலை 5.25

தோண்டக் கூடாது என்கிற சட்டம் அகழெலிக்குப் பொருந்தாது. நார்த்தம்பர்லாந்தில் எபியாகம் என்று ஒரு ரோமானியக் கோட்டை இருக்கிறது. அங்கே அகழெலி தள்ளிய மண்ணைச் சலித்துப் பார்த்துப் பானை ஓடு, மணி என்று எடுத்திருக்கிறார்கள். அதற்கும் முறைப்படி அனுமதி, கூட ஆள். நாமாகக் கிளறினால் நாம் குற்றவாளி, எலி நிரபராதி.

முயல்தான் உண்மையான தொல்லை. கரையைக் குடைந்துவிடும். அடுத்தது மரம். காற்றில் வேரோடு சாயும்போது ஒரு லாரி மண்ணைக் கையோடு பிடுங்கும். அப்புறம் பனி பெய்தால் தட்டை எடுத்துக்கொண்டு சறுக்க வரும் பிள்ளைகள், அவர்களை அழைத்து வரும் என்னைப் போன்ற அப்பன்கள்.

மார்ச் 15, மாலை 5.40

விட்டுப்போனது: 1389இல் மன்னரின் கட்டடப் பணிகளுக்கு எழுத்தராக இருந்தவர் கவிஞர் சாசர். அவர் பொறுப்பில் இருந்த இடங்களில் பெர்க்கம்ஸ்டெட்டும் ஒன்று. பொதுப்பணித் துறையில் கவிஞர்.

மார்ச் 29, இரவு 7.15

தம்பி மறுபடியும் போயிருக்கிறார்! இந்த முறை வெளிக்கரை முழுவதும் சுற்றினாராம், அகழியில் தண்ணீர் நிற்கிறது, குழாய் ஏதும் உடைந்திருக்கிறதா என்று கேட்கிறார்.

இல்லை, அதுதான் அகழி. அடியில் சுண்ணப்பாறை. மழை நேரடியாக ஓடி வராது, பாறைக்குள் இறங்கி மெதுவாக நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்தும். மழை அதிகமான குளிர்காலத்துக்குப் பின், மழை நின்ற பிறகும் தண்ணீர் ஏறும். அதனால் வறண்ட கோடையில் போனவர் பள்ளம் என்பார், மார்ச்சில் போனவர் அகழி என்பார். கோட்டையைப் பார்க்க நல்ல பருவம் இதுதான். புல் உயரமாக வளர்வதற்குள், சாயங்கால வெயில் சரிவாக விழும்போது போனால் தரையின் ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றும் நிழலோடு எழும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகத்தான் தெரியும். குளிர்காலத்தில் 4 மணிக்கே பூட்டிவிடுவார்கள் என்பதால் அந்த வெயில் கிடைப்பதே கஷ்டம். கட்டணம் கிடையாது.

போக முடியாதவர்கள் சுற்றுச்சூழல் முகமை இலவசமாகத் தரும் லைடார் வரைபடத்தைப் பாருங்கள். விமானத்திலிருந்து லேசர் விட்டு அளந்தது. மரத்தையும் கட்டடத்தையும் கழித்துவிட்டு வெறும் தரையைக் காட்டும். வடக்குப் பக்கத்து மேடைகள் அதில் கணுக் கணுவாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு லூயியா ரிச்சர்டா என்று ஓட்டுப் போடுங்கள்.

மார்ச் 30, காலை 8.05

குன்றின் உச்சியில் உள்ள குழி பற்றிய கேள்விக்கு: அது கிணறு. குன்றைத் துளைத்துக்கொண்டு நிலத்தடி நீர் வரை இறங்க வேண்டும், அதாவது அந்த 40 அடி போக அதற்குக் கீழேயும். தண்ணீருக்காகத்தான் தாழ்வில் கட்டினார்கள் என்று பிப்ரவரியில் சொன்னேனே, அதன் லாபம் இங்கே தெரிகிறது. மேட்டில் கட்டியிருந்தால் சுண்ணப்பாறையில் கிணறு வெட்டியே ஓய்ந்திருப்பார்கள். கீழ்முற்றம் எதிரி கைக்குப் போனாலும் மேலே இருப்பவன் தாகத்தில் சாக மாட்டான். காசு கீசு போடாதீர்கள். அதை எடுக்க இறங்குவதற்கும் அனுமதி வாங்க வேண்டும்.